தேரி ஓரத்தில் கேரவன்: ஒரு ராத்திரிக்கு ஓகே

திருநெல்வேலி மாவட்டம் திசையன்விளை பக்கம், தேரி எனப்படும் செம்மணல் மேட்டை ஒட்டிய பனந்தோப்பில் நிற்கும் கேரவன். நான்கு பேர் தாராளமாகப் படுக்கலாம். கழிப்பறை சுத்தம்.

குறை கரண்டில்தான். ஏசிக்கு 16 ஆம்பியர் பிளக் உண்டு, ஸ்டெபிலைசர் கிடையாது. தோட்டத்து மோட்டார் ஓடினால் வோல்டேஜ் இறங்கி கம்ப்ரசர் நின்றுவிடும். மோட்டார் எந்நேரம் ஓடும் என்று காவலுக்கு இருக்கும் அண்ணாச்சியிடம் வந்ததும் கேட்டுவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி 100 லிட்டர்தான், குளியலைப் பம்ப்செட்டில் வைத்துக்கொள்வது நல்லது (அதுவே சுகமும்கூட).

ஆனி, ஆடியில் வேண்டவே வேண்டாம். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று மணலை ஜன்னல் ரப்பர் இடுக்கு வழியாகவே உள்ளே தள்ளும். கதவுத் தண்டவாளம் இறுகினால் எண்ணெய் விடாதீர்கள், மணல் அப்பிக்கொள்ளும். காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டாலே போதும்.

சொந்தக் காரை தார் ரோடு முடிகிற இடத்திலேயே நிறுத்துங்கள். மணலில் மாட்டினால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க அச்சு வரை புதையும். டயர் காற்றை 18 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் மணலைப் பறித்து, பனையோலை பரப்பி, இரண்டாம் கியரில் நைசாக எடுக்க வேண்டும். தார் ரோடு ஏறியதும் காற்றடிக்க சின்ன கம்ப்ரசர் கையில் இருக்கட்டும்.

உடைமரத்து முள் ரப்பர் செருப்பைத் துளைக்கும், ஷூ அவசியம். மார்கழி, தை தங்குவதற்கு உத்தமம். பதநீர் வேண்டுமென்றால் பங்குனிக்கு மேல்தான்.