நெபுலைசர் கப்புக்கு ஒரு ஸ்டீம் ஸ்டெரிலைசர்: எட்டு மாதம் ஓட்டிப் பார்த்த பிறகு

குழந்தைகளின் பால் பாட்டிலுக்கென்று விற்கிற ஸ்டீம் ஸ்டெரிலைசர்தான் இது. நான் வாங்கியது அம்மாவின் நெபுலைசருக்காக. திரவ மருந்தைப் புகை மாதிரி நுண்துளிகளாக்கி மூச்சில் இழுக்க வைக்கிற கருவி அது, மருந்தை ஊற்றுகிற பாகம்தான் கப். அம்மாவுக்கு பிராங்கியெக்டேசிஸ், அதாவது மூச்சுக்குழாய்கள் விரிந்து தளர்ந்துபோய், சளி வெளியே வராமல் அங்கேயே தேங்கி நிற்கிற நோய். தினமும் மூன்று வேளை மூச்சுக்குழாயைத் தளர்த்துகிற சால்பியூட்டமால் மருந்து, அதில் இரண்டு வேளை கூடவே 3 சதவீத உப்புநீர். தேங்கிய சளியில் கிருமி குடியேறுவது இந்த நோயில் மிகச் சாதாரணமாக நடக்கும். நுரையீரலின் ஆழம்வரை மருந்தைக் கொண்டுபோகிற அதே புகை, கப்பில் கிருமி இருந்தால் அதையும் அங்கேயே கொண்டுபோய் விட்டுவிடும். அதனால் இந்த வீட்டில் கப் கழுவுவது பாத்திரம் கழுவுவது மாதிரி இல்லை, மருந்து கொடுப்பதில் ஒரு பகுதி.

இதற்கு முன்னால் அடுப்பில்தான் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தேன். அது நல்ல முறை, அதில் குறை ஒன்றும் இல்லை. கழுவிய பாகங்களைத் தண்ணீரில் முழுக்க மூழ்கும்படி போட்டு, தளதளவென்று கொதிக்க ஆரம்பித்ததிலிருந்து 5 நிமிடம், அவ்வளவுதான். ஆனால் தினமும் செய்கிற வேலையில் ஒரு நாள் தவறும். ஒரு ராத்திரி போன் வந்தது, பேசப் போனேன், தண்ணீர் வற்றி, கப் உருகிப் பாத்திரத்தோடு ஒட்டிக்கொண்டது. கப் போனதைவிட அந்த பிளாஸ்டிக் புகைதான் பெரிய துன்பமாகிவிட்டது. ஜன்னல் எல்லாம் திறந்து வைத்தும் அம்மா இரண்டு நாள் விடாமல் இருமினார். தானாக நின்றுகொள்கிற ஒரு கருவி வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

கருவி எப்படி வேலை செய்கிறது என்றால், அடியில் ஒரு சூடாகும் தட்டு, அதில் 80 மில்லி தண்ணீர் ஊற்ற வேண்டும், அதற்கு மேல் ஓட்டை போட்ட இரண்டு அடுக்குக் கூடை, மேலே மூடி. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் ஆவியாகி உள்ளே சுற்றுகிறது. தண்ணீர் தீர்ந்ததும் தட்டின் சூடு சட்டென்று ஏறும், அதைக் கண்டு கருவி தானே நின்றுவிடும். என்னுடையதில் சுமார் பத்து நிமிடம் ஆகிறது. அதன் பிறகு வேண்டுமானால் சூடான காற்றை ஊதி உலர்த்தும். நான் தூங்கிப்போனாலும் எதுவும் உருகாது என்பதற்காக மட்டுமே இதற்குப் பாதி மதிப்பெண் கொடுத்துவிடுவேன்.

பெயரில் ஸ்டெரிலைசர் என்று இருந்தாலும் இது முழுமையான ஸ்டெரிலைசேஷன் செய்வதில்லை, இதை வாங்குபவர் தெரிந்துகொண்டு வாங்குவது நல்லது. மருத்துவமனையில் ஆட்டோகிளேவ் என்று வைத்திருக்கிறார்களே, அது அழுத்தத்தை ஏற்றி நீராவியை 121 டிகிரி வரை கொண்டுபோய், அந்தச் சூட்டில் 15 நிமிடமாவது வைக்கிறது. சில பாக்டீரியாக்கள் உருவாக்கும் கெட்டி ஓடு போட்ட வித்துகள்கூட அதில் செத்துப்போகும். வீட்டுக் கருவியில் அழுத்தம் கிடையாது, நீராவி 100 டிகிரியைத் தாண்டாது, வித்துகள் தப்பிக்கலாம். ஆனால் நெபுலைசர் விஷயத்தில் நாம் பயப்படுகிற சூடோமோனாஸ் போன்ற ஈரத்தில் வளரும் கிருமிகளுக்கு இந்தச் சூடே போதும். வீட்டில் கப்பைக் கிருமி நீக்க ஏற்ற வழிகளில் ஒன்றாக அமெரிக்காவின் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் அறக்கட்டளையும் இந்த மாதிரி மின் நீராவிக் கருவியைச் சொல்கிறது. நுரையீரலில் கெட்டிச் சளி சேர்கிற பரம்பரை நோய் அது, அந்த நோயாளிகள் நெபுலைசரோடே வாழ்பவர்கள் என்பதால் அவர்களுக்கான வழிமுறைகளை நான் நம்பிப் பின்பற்றுகிறேன்.

சரி, கருவி வந்தது. முதல் வாரமே நான் செய்த தப்பைச் சொல்கிறேன். இனிமேல் நீராவி பார்த்துக்கொள்ளும் என்று நினைத்து, கப்பைக் குழாயடியில் ஒரு அலசு அலசி அப்படியே உள்ளே வைத்துவிட்டேன். நாலாவது நாள் கப்பின் அடியில், காற்று பீறிட்டு வருகிற ஜெட் துளையைச் சுற்றி, வெள்ளையாக ஒரு வளையம். உப்புநீர் மிச்சம் சூட்டில் இறுகிப்போய்விட்டது. பொதுவாக ஏழெட்டு நிமிடத்தில் முடிகிற மருந்து அன்று இருபது நிமிடம் ஓடியும் முடியவில்லை, அம்மா களைத்துப்போனார். புடெசனைடு என்கிற ஸ்டீராய்டு மருந்து போடுகிறவர்களுக்கும் கப்பில் ஒரு வெள்ளைப் படலம் தங்கும், அதுவும் இப்படித்தான். அழுக்கு இருக்கிற இடத்தில் நீராவி மேலே மட்டும் தடவிவிட்டுப் போகும், அடியில் இருக்கிற கிருமிக்கு அந்தப் படலமே கவசம்.

அதனால் கழுவுவதுதான் முதல் வேலை, கருவி அதற்கு மாற்று இல்லை. மருந்து முடிந்த உடனே, காய விடாமல், கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, டியூபைக் கழட்டித் தனியே வைத்து, கப், உள்ளே இருக்கிற சின்னத் தடுப்பு, மூடி, மவுத்பீஸ் எல்லாவற்றையும் பிரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டுக் கழுவ வேண்டும். இதற்கென்று தனியாக ஒரு கிண்ணம் வைத்திருக்கிறேன். சிங்க்கில் நேரடியாகப் போடுவதில்லை, ஏனென்றால் சிங்க்கின் வடிகால் ஓட்டைதான் வீட்டிலேயே சூடோமோனாஸுக்குப் பிடித்த இடங்களில் ஒன்று. ஜெட் துளை அடைத்தால் ஊசி போட்டுக் குத்தாதீர்கள். துளை துளியளவு பெரிதானாலும் புகையின் துகள் அளவு மாறிவிடும். 1 முதல் 5 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) வரைக்குள் இருக்கிற துகள்தான் நுரையீரலுக்குள் நன்றாக இறங்கும், பெரிய துகள் தொண்டையிலேயே ஒட்டிக்கொள்ளும். வெந்நீரில் ஊற வைத்து உப்பைக் கரையவிட்டாலே போதும்.

கருவியில் எனக்கு உண்மையான குறை உலர்த்துவதில்தான். பெட்டியில் "30 நிமிடத்தில் முழு உலர்வு" என்று போட்டிருக்கிறது. பால் பாட்டில் என்றால் இருக்கலாம், அது வெறும் அகலமான குழாய்தானே. நெபுலைசர் கப்பில் மூலை முடுக்கு அதிகம். முழு நேரம் ஓடிய பிறகும் மவுத்பீஸின் வளைவிலும், கப்பின் அடியில் டியூப் மாட்டுகிற காம்பிலும் சொட்டு நிற்கிறது. கொஞ்சம் ஈரம், கொஞ்சம் சூடு, மேலே மூடி, இதைவிடக் கிருமிக்கு என்ன வேண்டும்? மூடியைத் திறக்காவிட்டால் 24 மணி நேரம் சுத்தமாகவே இருக்கும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது. சொட்டு நிற்கிற கப்பை அந்த நம்பிக்கையில் அடைத்து வைக்க எனக்கு மனம் வரவில்லை. நான் இப்போது செய்வது: உலர்த்துவதை இரண்டு தடவை ஓட்டி, ஆறியதும், கழுவிய கையால் எடுத்து உதறி, சுத்தமான பேப்பர் டவலில் பரப்பிக் காற்றாட வைத்து, துளி ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் டப்பாவுக்குள் வைப்பது. துணியால் துடைப்பதில்லை.

உலர்த்துகிற காற்று உள்ளே போகும் வழியில் ஒரு சின்ன பில்டர் இருக்கிறது. இருக்கிறது என்பதே எனக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி. திறந்து பார்த்தபோது சாம்பல் நிறமாகியிருந்தது. சுத்தம் செய்த கப்பின் மேல் வீட்டுத் தூசி வழியாக வந்த காற்றை ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்று நினைத்து அன்றைக்குத் தூக்கமே வரவில்லை. தயாரிப்பாளரிடம் புது பில்டர் கேட்டால் முதலில் அளவு தப்பாக ஒன்று வந்தது, சரியானது கைக்கு வர மூன்று வாரம் ஆனது, அதுவரை உலர்த்தும் பொத்தானைத் தொடாமல் வெறும் காற்றில் உலர்த்தினேன். நீங்கள் எந்தக் கருவி வாங்கினாலும் முதல் நாளே இந்த பில்டர் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள், உபரியாக இரண்டு கிடைக்குமா என்றும் கேட்டுவிடுங்கள்.

கூடையின் ஓட்டைகளும் பெரிது. ரப்பர் வால்வு மாதிரிச் சின்னப் பாகங்கள் நழுவிச் சூடான தட்டில் விழுந்துவிடுகின்றன. பால் பாட்டில் நிப்பிளுக்கென்று ஒரு குட்டி டப்பா கூடவே வந்தது, அதில் போட்டு மேல் அடுக்கில் வைத்தால் பிரச்சினை இல்லை.

ஊற்றுகிற தண்ணீரில் உள்ள உப்பு தட்டில் படிவதும் உண்டு. இரண்டு வாரத்தில் வெள்ளை, அப்புறம் பழுப்பு. அதைச் சிட்ரிக் ஆசிட் கரைசலிலோ வினிகரிலோ அரை மணி ஊற வைத்தால் போய்விடும், பிறகு நன்றாக அலசிவிட்டு வெறும் தண்ணீரில் ஒரு சுற்று ஓட்ட வேண்டும். வினிகரைப் பற்றி ஒன்று. நெபுலைசர் கப்பையே வினிகர் கலந்த தண்ணீரில் ஊற வைத்தால் போதும் என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நானே முன்பு செய்திருக்கிறேன். உப்புக்கு அது நல்லது, கிருமிக்குப் போதாது. காய்ச்சி வடித்த நீர் ஊற்றினால் தட்டில் படிவே வராது, ஆனால் அந்த நீரும் கிருமியற்றது என்று அர்த்தம் இல்லை. இங்கே அது ஆவியாகிவிடுவதால் பரவாயில்லை, கப்பை அலசுவதற்கு அதை நம்பக் கூடாது.

எதையெல்லாம் உள்ளே வைக்கலாம் என்பதை உங்கள் நெபுலைசரின் கையேட்டில் பார்த்துவிட்டு வையுங்கள். திரும்பத் திரும்பப் பயன்படுத்தத் தயாரித்த கெட்டிக் கப் எதுவும் இந்த எட்டு மாதத்தில் சூட்டால் கெடவில்லை. நெபுலைசரோடு இலவசமாக வந்த மெல்லிய மாஸ்க் இரண்டாவது நாளே ஓரம் நெளிந்து, முகத்தில் சரியாக உட்காராமல் போனது. சில நாள் பயன்படுத்தித் தூக்கிப்போட வேண்டிய கப்புகளுக்கும் இந்தச் சூடு ஆகாது. டியூபை உள்ளே வைக்கவே வேண்டாம், தண்ணீரில் நனைக்கவும் வேண்டாம். அதற்குள் ஈரம் தெரிந்தால் கப்பைக் கழட்டிவிட்டு, நெபுலைசரில் காற்றைத் தள்ளுகிற கம்ப்ரசரை இரண்டு மூன்று நிமிடம் சும்மா ஓட விட்டால் காய்ந்துவிடும், உள்ளே கறை தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். சத்தமில்லாமல் ஓடுகிற மெஷ் வகை வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் கொண்ட அந்தத் தகட்டை பிரஷ்ஷோ பஞ்சோ வைத்துத் தொடவே கூடாது, கொதிக்க வைப்பதும் நீராவியும் எல்லா மாடலுக்கும் ஒத்துவராது.

யார் வாங்கலாம்? தினமும் இரண்டு மூன்று வேளை நெபுலைசர் போடுகிற வீடு என்றால் தயங்காமல் வாங்குங்கள், உலர்த்தும் வசதி உள்ளதாகவே பார்த்து வாங்குங்கள். எப்போதாவது சளி பிடித்தால் மட்டும் எடுக்கிறவர்களுக்கு அடுப்பும் ஒரு பாத்திரமும் ஐந்து நிமிடமும் போதும், பக்கத்திலேயே நின்றுகொள்ளுங்கள். பிளாஸ்டிக் சூடு தாங்காது என்றால், கையேடு அனுமதிக்கிற பட்சத்தில், 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் 5 நிமிடம் அல்லது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடில் 30 நிமிடம் ஊற வைக்கிற வழி இருக்கிறது. ஆனால் அதற்குப் பிறகு 5 நிமிடம் கொதித்து மூடி ஆறவைத்த தண்ணீரில் அலச வேண்டும், குழாய்த் தண்ணீரில் அலசினால் செய்த வேலை வீண்.

இந்தக் கருவியால் எங்களுக்கு வந்த பெரிய மாற்றம் மூன்று கப் வைத்துக்கொண்டதுதான். ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் அந்தக் கப்பைக் கழுவிக் காய வைத்துவிடுவோம், ராத்திரி மூன்றும் சேர்ந்து ஒரே சுற்றில் உள்ளே போகும், காலையில் மூன்று சுத்தமான கப் தயாராக இருக்கும். அம்மாவும் அவசரமாக ஈரக் கப்பை எடுத்துப் போட்டுக்கொள்வதில்லை. ஒவ்வொரு கப்பின் டப்பாவிலும் வாங்கிய தேதியை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். எங்கள் கப்பின் கையேடு ஆறு மாதத்தில் மாற்றச் சொல்வதால் முதல் இரண்டை மாற்றியாகிவிட்டது, மூன்றாவது அடுத்த மாதம்.