செதில் பூச்சி: எண்ணெயா, சோப்பா, வேரில் ஊற்றும் மருந்தா?

எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன், தண்டிலும் இலையிலும் ஓடுபோல ஒட்டிக்கொண்டு உறிஞ்சும் இந்தச் செதில் பூச்சியில் உங்கள் செடியில் இருப்பது எந்த வகை என்று பார்த்துவிட வேண்டும். தண்டில் ஒட்டியிருக்கும் ஒன்றைக் குண்டூசியால் மெல்ல நெம்புங்கள். ஓடு மட்டும் மூடிபோலக் கழன்று, சிறிய மஞ்சள் உடல் செடியிலேயே தங்கினால் அது ஓட்டுச் செதில். ஓடும் உடலும் சேர்ந்தே பெயர்ந்து வந்தால் மென்செதில். மென்செதில் இனிப்பான கழிவைச் சொட்டும். அதனால் இலை பிசுபிசுக்கும், கரும்பூசணம் படரும், எறும்பு வரும். ஓட்டுச் செதிலிடம் இந்தப் பிசுபிசுப்பே இருக்காது. இலையில் மஞ்சள் புள்ளிகள், காயும் கிளை நுனி, இவைதான் அதன் அடையாளம். பணமும் உழைப்பும் வீணாவது பெரும்பாலும் இந்த வித்தியாசத்தைப் பார்க்காததால்தான்.

ஒன்றிரண்டு தொட்டிச் செடிகள்தான் என்றால் மருந்துக் கடைக்கே போக வேண்டாம். மிக மோசமான கிளைகளை வெட்டி எறிந்துவிட்டு, மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து எடுக்கலாம். 70 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு செதிலாகத் தொட்டும் எடுக்கலாம். முதலில் ஓர் இலையில் மட்டும் தடவி, இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துத் தொடருங்கள். ஆளுயரப் புதருக்கு இந்த வழி ஒத்துவராது.

அதற்கு மேல் போனால் என் முதல் தேர்வு தோட்டக்கலைக்கென்றே விற்கும் கனிம எண்ணெய். இது நஞ்சாகப் பெரிதும் வேலை செய்வதில்லை. பூச்சி மூச்சுவிடும் துளைகளை அடைத்துக் கொல்கிறது. ஓட்டுச் செதில், மென்செதில் இரண்டுக்கும் பொருந்தும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 20 மில்லி, அதாவது 2 சதவீதம். தெளிக்கும்போது டேங்க்கை அடிக்கடி குலுக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் வரும் செறிந்த கலவை இலையைக் கருக்கிவிடும். இலையின் அடிப்பக்கம், கணுக்கள், பட்டையின் இடுக்குகள் எல்லாம் நனைய வேண்டும். எண்ணெய் படாத பூச்சி சாகாது. வெயில் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டும் நாளிலும், வாடி நிற்கும் செடியிலும் அடிக்கக் கூடாது. கந்தகம் தெளித்திருந்தால் ஒரு மாதம் இடைவெளி விடுங்கள். பெரணிகள் எண்ணெய் தாங்காது. சாம்பல்நீலப் பூச்சுள்ள செடிகளில் அந்தப் பூச்சே போய்விடும்.

வேப்ப எண்ணெய் இதைவிடச் சற்று மெதுவானது. வழக்கமான அளவு லிட்டருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் விட்டால் கலக்காது. 1 முதல் 2 மில்லி திரவ சோப்பில் முதலில் குழைத்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்துக் கலக்குங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

பூச்சிக்கொல்லி சோப்புக் கரைசல் (1 முதல் 2 சதவீதம்) தவழும் குஞ்சுகளைக் கொல்லும். ஓடு முற்றிய தாய்ப்பூச்சியிடம் அது பெரிதாக எடுபடாது. ஈரமாக இருக்கும்வரைதான் அதற்கு வேலை. காய்ந்தபின் எதுவும் மிஞ்சாது. உப்புத்தண்ணீரில் திரிந்துபோகும் என்பதால் மழைநீர் நல்லது. துணி துவைக்கும் தூளைக் கரைத்து அடிப்பது வேண்டாம். இலையின் மெழுகுப்படலம் போய்விடும்.

எண்ணெயானாலும் சோப்பானாலும் வெற்றி நாள் பார்த்து அடிப்பதில் இருக்கிறது. தாய்ப்பூச்சியின் அடியில் கிடக்கும் முட்டைகளைத் தெளிப்பு எட்டுவதில்லை. குஞ்சுகள் வெளியே வந்து, இடம் தேடி உட்காருவதற்குள் பிடிக்க வேண்டும். பூச்சி இருக்கும் கிளையில் இருபக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி வைத்து, வாரம் ஒருமுறை லென்ஸால் பாருங்கள். மஞ்சளாகவோ ஆரஞ்சாகவோ நுண்புள்ளிகள் ஒட்டியிருந்தால் அதுதான் நாள். அன்று ஒருமுறை, பிறகு 7 முதல் 10 நாள் இடைவெளியில் இன்னும் இரண்டு முறை. ஒரே முறை அடித்துவிட்டு மருந்தைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

வேரில் ஊற்றி, சாற்றோடு ஏறும் மருந்துக்கு வருவோம். இமிடாகுளோப்ரிட் மென்செதிலுக்கு நன்றாகக் கேட்கும், ஏனென்றால் அது மருந்து பாயும் சாற்றுக் குழாயையே உறிஞ்சுகிறது. ஓட்டுச் செதில் செல்களைத் துளைத்து உண்பதால் அந்த மருந்து அதற்குப் போதிய அளவில் போய்ச் சேராது. தண்ணீரில் எளிதில் கரையும் டைனோடெஃப்யூரான் பல ஓட்டுச் செதில்களையும் பிடிக்கும். ஆனால் இரண்டுமே மகரந்தத்துக்கும் பூந்தேனுக்கும் போகும். தேனீ வந்தமரும் செடிக்கு ஆபத்து. பூக்கும் செடியில் நான் இதைத் தொடவே மாட்டேன். பூவுக்காக வளர்க்காத பெரிய மரத்தில், தெளிப்பு எட்டாத உயரத்தில், லேபிள் அளவு தாண்டாமல், கடைசி வழியாக மட்டும் சரி.

பைரித்ராய்டு வகைப் பூச்சிக்கொல்லித் தெளிப்பை முற்றிலும் தவிர்க்கச் சொல்வேன். ஓட்டுக்குள் இருக்கும் பூச்சி தப்பிக்கும். அதைத் தின்னும் பொறிவண்டும் ஒட்டுண்ணிக் குளவியும் சாகும். 1888-89இல் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்த ரொடோலியா பொறிவண்டு, கலிபோர்னியாவின் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோட்டங்களைப் பஞ்சுச் செதிலிடமிருந்து மீட்டது. 1940களில் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்து பொறிவண்டை அழித்ததும் செதில் திரும்பப் பெருகியது. உங்கள் செடியில் பொறிவண்டு நிற்க வேண்டுமானால் எறும்பை முதலில் தடுங்கள், அது செதிலுக்குக் காவல் நின்று பொறிவண்டையும் குளவியையும் விரட்டும். தண்டில் துணி அல்லது டேப் சுற்றி அதன்மேல் ஒட்டும் பசை பூசி, சுவரையோ வேறு செடியையோ தொடும் கிளைகளை வெட்டிவிடுங்கள்.

பனைபோலத் தோன்றும் அலங்காரச் செடியான சைகஸில் வரும் வெள்ளை ஓட்டுச் செதில் மட்டும் தனி ரகம். இலையில் எண்ணெய் அடித்தாலும், வேரில் ஒளிந்திருப்பவை மறுபடி மேலேறும். அங்கே எண்ணெய்த் தெளிப்பை மாதக்கணக்கில் விடாமல் தொடர வேண்டியிருக்கும்.

செத்த செதில்கள் மாதக்கணக்கில் உதிராமல் ஒட்டியே இருக்கும். மருந்து கேட்கவில்லை என்று மறுபடி அடிக்குமுன் பத்துப் பதினைந்தை நசுக்கிப் பாருங்கள்: ஈரம் கசிந்தால் உயிரோடு இருக்கிறது, பொடியாக உதிர்ந்தால் செத்தது.