மூன்றாவது ஆண்டும் போய்வந்தேன்: ஒரு மண்டல மொழி, இலக்கிய மாநாடு

எங்கள் மண்டலத்து மொழி, இலக்கிய ஆய்வு மாநாட்டுக்கு இது எனக்கு மூன்றாவது ஆண்டு. போகலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர்களுக்கு என் பதில்: போங்கள். ஆனால் எந்த அறையில் உட்காருவது என்று தெரிந்துகொண்டு போங்கள்.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். தொடக்க விழா ஒரு மணி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். வாழ்த்துரைக்கு மட்டும் ஏழு பேர். ஏழாமவர் இறங்கும்போது இரண்டேகால் மணி நேரம் ஓடியிருந்தது. விட்ட நேரத்தை எங்கள் தலையில்தான் கட்டினார்கள். வாசிக்க 15 நிமிடம், கேள்விக்கு 5 நிமிடம் என்று ஏற்புக் கடிதத்தில் இருந்தது. அமர்வுத் தலைவரோ, "பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க, கேள்வியெல்லாம் வெளியே வெச்சுக்கலாம்" என்றார்.

என் கட்டுரை இரட்டை வழக்கு பற்றியது, அதாவது ஒரே மொழியில் எழுத்துக்கும் மேடைக்கும் ஓர் உயர் வழக்கும் அன்றாடப் பேச்சுக்கு ஒரு தாழ் வழக்கும் இருப்பது பற்றியது. அதை நான்கு கவிதைக் கட்டுரைகளுக்கு நடுவே செருகியிருந்தார்கள். தலைப்பில் 'வழக்கு' என்று பார்த்து நீதிமன்ற விவகாரம் என்று நினைக்காமல் விட்டார்களே, அதுவரை சரி. அப்புறம் திரையில் முதல் படம் வந்தது. எழுத்தெல்லாம் சதுரம் சதுரமாக நின்றது. அந்தக் கணினியில் என் எழுத்துரு இல்லை. பிடிஎஃப் ஆக்கி எடுத்துப் போங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிற நான்தான் மறந்து போயிருந்தேன்.

இரண்டாம் நாள் மதியம் மூன்றாம் மாடிக் கடைசி அறைக்குப் போனேன். மொத்தம் ஒன்பது பேர், அதில் நான்கு பேர் கட்டுரையாளர்கள். மாநாடு அங்கேதான் நடந்தது. 1959இல் மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் இரட்டை வழக்கை விளக்க எடுத்துக்கொண்ட நான்கு மொழிகள் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெய்தி கிரியோல். அதில் கிரேக்கத்தைப் பற்றி ஒருவர் வாசித்தார். 1976இல் அங்கே பள்ளிப் படிப்பிலிருந்து உயர் வழக்கான கதரேவூசாவை எடுத்துவிட்டு, மக்கள் வழக்கான திமோதிக்கியைக் கொண்டுவந்தார்கள். நானும் என் கட்டுரையில் அதை 'பேச்சு வழக்கின் வெற்றி' என்று ஒரே வரியில் எழுதிக் கடந்திருந்தேன்.

பின்வரிசையிலிருந்து ஒரு ஆய்வு மாணவி கேட்டார்: "பேச்சு வழக்கு பாடப்புத்தகத்துக்குள்ள போயிட்டா, அப்புறம் அது பேச்சு வழக்காவே இருக்குமா சார்?" வாசித்தவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இன்றைய பொதுக் கிரேக்கத்தில் கதரேவூசாவின் சொற்களும் வடிவங்களும் எவ்வளவு கலந்திருக்கின்றன என்று எடுத்துக்காட்டு எடுத்துக்காட்டாக அடுக்கினார். வென்றது என்று நான் எழுதியது, தோற்றதாக நினைத்ததிலிருந்து நிறைய வாங்கிக்கொண்டுதான் வென்றிருக்கிறது. நாற்பது நிமிடம் அந்த ஒரு கேள்வியிலேயே போனது. தலைவர் மணி அடிக்கவில்லை, அவரும் சேர்ந்து வாதாடிக்கொண்டிருந்தார். அன்றிரவே என் கட்டுரையில் அந்த வரியை அடித்துவிட்டேன்.

பல்கலைக்கழகச் சொற்பொழிவு உயர் வழக்கில், நண்பர்களோடு பேச்சு தாழ் வழக்கில் என்று ஃபெர்குசன் பட்டியல் போட்டிருப்பார். மேடையில் 'முன்வைக்க விழைகிறேன்' என்றவர்கள் எல்லாம் அந்த அறையில் 'அது எப்படிங்க?' என்று இறங்கி வந்துவிட்டார்கள்.

மற்றபடி, மையவுரை பரவாயில்லை. ஆய்வுச் சுருக்கத் தொகுப்பு நன்றாக வந்திருக்கிறது, பெயர்களின் அகரவரிசைப் பட்டியல் மட்டும் இல்லை. போன ஆண்டுக் கட்டுரைத் தொகுதி இன்னும் கைக்கு வரவில்லை. நிறைவு விழாவில் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் பாதி நாற்காலி காலி.

அடுத்த ஆண்டும் சுருக்கம் அனுப்பத்தான் போகிறேன். முதல் நாள் காலையில் மட்டும் இரண்டு மணி நேரம் தாமதமாகப் போவேன்.