வெள்ளையணு யார் பேச்சைக் கேட்கும்? இபுப்ரோஃபென், டெக்ஸாமெத்தசோன், டாப்சோன்

வீக்கத்தைக் குறைக்கிற மாத்திரை என்றால், வெள்ளையணுக்கள் கக்கும் ஃப்ரீ ராடிகல்களையும் (எதையும் தாக்கக்கூடிய ஆக்ரோஷமான மூலக்கூறுகள்) அது அடக்கிவிடும் என்று நினைக்கத் தோன்றும். எல்லா மாத்திரையும் அப்படிச் செய்வதில்லை. தலைப்பிலுள்ள மூன்றில் எது அதை நாசூக்காகச் செய்கிறது என்று பார்ப்போம்.

நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு ஒரு கிருமியை விழுங்கியதும் அதன் சவ்வில் என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்ற நொதி ஒன்றுகூடுகிறது. அது ஆக்சிஜனை சூப்பராக்சைடு என்ற ராடிகலாக மாற்றும். அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடு வரும். அப்புறம் மைலோபெராக்சிடேஸ் என்ற இன்னொரு நொதி, அதோடு குளோரைடைச் சேர்த்து ஹைப்போகுளோரஸ் அமிலம் செய்யும். பிளீச்சிங் பவுடர் கரைசலில் கிருமியைக் கொல்வதும் இதே அமிலம்தான். (கறாராகச் சொன்னால் கடைசி இரண்டும் ராடிகல் இல்லை, ஆனால் சங்கிலி ஒன்றுதான்.) இந்த முதல் நொதி பிறவியிலேயே பழுதான குழந்தைகளை ஸ்டஃபிலோகாக்கஸும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையும் திரும்பத் திரும்பத் தாக்கும். அதனால் முழுக்க அடக்குகிற மருந்து நமக்கு வேண்டவே வேண்டாம்.

இபுப்ரோஃபென் இந்தச் சங்கிலியில் பெரிதாகக் கை வைப்பதில்லை. அதன் இலக்கு காக்ஸ் நொதி. அதைத் தடுத்து, வலியைத் தூண்டும் புரோஸ்டகிளாண்டினைக் குறைக்கிறது, வலி போகிறது. 1980களில் நடந்த சோதனைகளில் அதே குடும்பத்து பைராக்சிகாம் சூப்பராக்சைடைக் குறைத்தது, இபுப்ரோஃபென் குறைக்கவில்லை. இரண்டுமே காக்ஸைத் தடுப்பவை என்பதால், இந்த வித்தியாசத்துக்குக் காரணம் காக்ஸ் அல்ல. இன்னொன்று: இவ்வகை மருந்துகளில் சுமார் 99 சதவீதம் ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது, ஒட்டாமல் மிஞ்சுவதுதான் வேலை செய்யும். அல்புமின் இல்லாத சோதனைக் குழாயில் கிடைத்த பிரமாதமான முடிவுகளை நான் பாதிதான் நம்புவேன்.

டெக்ஸாமெத்தசோன் ஒரு ஸ்டீராய்டு, அது சுற்றி வளைத்து வேலை செய்கிறது. டிஎன்எஃப் போன்ற வீக்கத் தூண்டிகளை மரபணு மட்டத்திலேயே குறைப்பதால் நியூட்ரோஃபிலுக்குச் சூடேற்ற ஆள் இருக்காது. ஆனால் அதற்குச் சில மணி நேரமாவது ஆகும். ஸ்டீராய்டு எடுப்பவரின் சிபிசி (ரத்த அணு எண்ணிக்கை) ரிப்போர்ட்டில் நியூட்ரோஃபில் எண்ணிக்கை ஏறியிருப்பதைப் பார்த்துப் பயப்படுபவர்கள் உண்டு. ரத்தக்குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்தவை கழன்று ஓட்டத்தில் சேர்வது அதற்கு ஒரு முக்கியக் காரணம். 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி என்ற மருந்து ஆய்வில் தினம் 6 மி.கி. கொடுத்தபோது வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் இறப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மறுபக்கம், 2021-ல் இந்தியாவில் பரவிய கறுப்புப் பூஞ்சைக்குச் சர்க்கரை நோயோடு ஸ்டீராய்டும் துணைபோனது.

என் ஓட்டு டாப்சோனுக்கு. தொழுநோய் மாத்திரை என்றுதான் இதை நமக்குத் தெரியும். ஆனால் கிருமியே இல்லாத டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற தோல் நோயிலும் இது கேட்கிறது. மேல்தோலுக்கு அடியிலுள்ள மேடுகளின் நுனியில் நியூட்ரோஃபில்கள் குவிந்து கொப்புளமும் தாங்கமுடியாத அரிப்பும் வரும் நோய் அது. டாப்சோன் தொடங்கினால் ஓரிரு நாளில் அரிப்பு அடங்குவது வழக்கம். மைலோபெராக்சிடேஸைச் செயலற்ற நிலையில் அது பூட்டிவிடுவது இதற்கு ஒரு விளக்கம். முன்னே நிற்கும் ஆக்சிடேஸை விட்டுவிட்டுக் கடைசிப் படியில் கை வைக்கிற இந்த நாசூக்கு மற்ற இரண்டிடமும் இல்லை. விலை உண்டு: சிவப்பணுவைக் காக்கும் ஜி6பிடி என்ற நொதி குறைந்தவர்களுக்குச் சிவப்பணுக்கள் உடையும், சிலருக்கு ஆக்சிஜனைச் சுமக்க முடியாத மெத்திமோகுளோபின் கூடி உதடு நீலம் பாரிக்கும். ஜி6பிடி டெஸ்ட் பார்க்காமல் இதை ஆரம்பிக்கக் கூடாது.