சைக்கிள் பயிற்சிக்கு நடுவே கால் தேற எது உதவும்? ஓர் ஒப்பீடு

செவ்வாய்க்கிழமை கடுமையான இன்டர்வெல் (அழுத்தி மிதிப்பதும் இடையில் தளர்வதுமாக மாறி மாறி ஓட்டும் பயிற்சி), வியாழக்கிழமை இன்னொன்று என்று அட்டவணை போட்டு ஓட்டுகிறவர்களுக்கு நடுவில் கிடைப்பது சுமார் 48 மணி நேரம். அதற்குள் கால் தேறியாக வேண்டும். தேற்றுவதற்கென்றே ஐஸ் குளியல், இறுக்கமான காலுறை, அதிரும் மசாஜ் கருவி, மாத்திரை, பவுடர் என்று சந்தையில் ஏகப்பட்டவை வந்துவிட்டன. எதை எடுப்பது, எதை விடுவது என்று பார்ப்பதற்கு முன்னால், சைக்கிள் ஓட்டினால் வருவது எந்த வகைக் களைப்பு என்று தெரிந்துகொள்வது நல்லது.

இறக்கத்தில் வேகமாக ஓடிய ஒருவர் மறுநாள் படி இறங்கவே திணறுவார். ஒவ்வொரு அடியிலும் அவருடைய தொடைத் தசை நீண்டுகொண்டே உடல் பாரத்தைத் தாங்குகிறது. தசையிழைகளில் நுண்ணிய சேதம் அதிகம் நேர்வது இப்படிப்பட்ட வேலையில்தான். பெடல் மிதிக்கும்போது தசை பெரும்பாலும் சுருங்கியபடியே வேலை செய்கிறது. தரையில் மோதும் அதிர்ச்சியும் இல்லை. அதனால் சைக்கிள்காரருக்குச் சேதம் குறைவு, எரிபொருள் காலியாவது அதிகம். தசைகளில் சுமார் 400 முதல் 500 கிராமும் கல்லீரலில் 100 கிராம் அளவும் கிளைகோஜன் (உடல் சேமித்துவைக்கும் மாவுச்சத்து) இருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் அழுத்தி ஓட்டினால் அதில் பெரும்பகுதி கரைந்துவிடும். கூடவே தண்ணீரும் உப்பும் போகும்.

ஆகவே என் கட்சி இது: நிரப்புகிற வேலைகளான சாப்பாடு, தண்ணீர், தூக்கம் மூன்றும் முதலில். ஐஸ், மசாஜ், காலுறை எல்லாம் பெரும்பாலும் வலிக்கான வைத்தியம். சைக்கிள்காரருக்கு அவை வெகு பின்னால்தான் வரும்.

முழு ஓய்வா, மெல்ல மிதிப்பதா?

"காலில் தேங்கிய லாக்டிக் ஆசிட்டை வெளியேற்ற மறுநாள் மெதுவாக ஓட்டு" என்ற அறிவுரையைக் கேட்காத சைக்கிள்காரர் இருக்க மாட்டார். பயிற்சி முடிந்த கையோடு மெல்ல மிதித்தால் ரத்தத்தில் லாக்டேட் (லாக்டிக் ஆசிட் என்று எல்லாரும் சொல்வது இதைத்தான்) வேகமாகக் குறைவது உண்மைதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருந்தாலும் சுமார் ஒரு மணி நேரத்தில் அது பழைய அளவுக்கு வந்துவிடும். மறுநாள் காலையில் வெளியேற்ற அங்கே எதுவும் மிச்சம் இருக்காது. லாக்டேட் கழிவும் கிடையாது. இதயமும் தசையும் அதை எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன.

அப்படியானால் மெல்ல ஓட்டுவதால் பயனே இல்லையா? உண்டு. விறைப்பு தளரும், மனது லேசாகும். டூர் டி பிரான்ஸில் 21 கட்டங்களுக்கு நடுவே வரும் இரண்டு ஓய்வு நாள்களிலும் வீரர்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஒன்றிரண்டு மணி நேரம் சுற்றிவிட்டுத்தான் வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு அதுவே தொழில். மிச்ச நேரம் முழுக்கப் படுத்திருக்கலாம், சமைத்துப் போட ஆள் உண்டு. வேலைக்குப் போய், வீட்டையும் பார்த்துக்கொண்டு ஓட்டுகிறவர் அந்த ஒரு மணி நேரத்தைத் தூக்கத்திலிருந்து எடுத்தால் லாபத்தைவிட நஷ்டமே பெரிது.

மெல்ல ஓட்டுவதில் இன்னொரு சிக்கல், அது மெல்ல நடப்பதே இல்லை. தேறுவதற்கான ஓட்டம் என்றால் எஃப்டிபியில் (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து மிதிக்கக்கூடிய அதிகபட்ச பவர்) 55 சதவீதத்துக்குக் கீழே, 30 முதல் 60 நிமிடம். எஃப்டிபி 220 வாட் என்றால் 121 வாட்டுக்குக் கீழே. மிதித்துப் பார்த்தால் தெரியும், கூச்சப்படும் அளவுக்குக் குறைவு அது. சின்ன மேடு வந்தாலே பவர் 180-ஐத் தொடும். பின்னால் வந்த ஒருவர் முந்திப் போனால் கால் தானாக அழுத்தும். பத்து நிமிடம் அப்படி ஓட்டினால் போதும், அது ஓய்வும் இல்லாமல் பயிற்சியும் இல்லாமல் நடுவில் நின்றுவிடும். சமதளப் பாதையோ வீட்டில் டிரெய்னரோ (சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் கருவி) இருந்து, தனியாக ஓட்டவும் முடிந்தால் மெல்ல ஓட்டுங்கள். இல்லையென்றால் முழு ஓய்வே மேல். வாரத்தில் ஒரு நாளாவது சைக்கிளைத் தொடாமல் இருப்பது எப்படியும் நல்லது.

உடனே சாப்பிடுவதா, நேரத்துக்குச் சாப்பிடுவதா?

பயிற்சி முடிந்து 30 நிமிடத்துக்குள் எதையாவது உள்ளே தள்ளாவிட்டால் எல்லாம் வீண் என்று பயமுறுத்துகிறார்கள். யாருக்கு அடுத்த பயிற்சி எப்போது என்பதைப் பொறுத்தே இதற்குப் பதில் சொல்ல முடியும்.

காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று எட்டு மணி நேரத்துக்குள் மறுபடி ஓட்ட வேண்டியவருக்கு அவசரம் உண்மையானது. முதல் நான்கு மணி நேரம் உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் மாவுச்சத்து, அதுவும் மணிக்கு மணி தேவை. 70 கிலோ எடை உள்ளவருக்கு மணிக்கு 70 முதல் 84 கிராம். வழக்கமான பசிக்குச் சாப்பிட்டால் இது வராது, திட்டம் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். அடுத்த பயிற்சி நாளையோ மறுநாளோ என்றால் அந்த 30 நிமிடத்துக்கு மந்திர சக்தி எதுவும் இல்லை. நாள் முழுக்கப் போதுமான மாவுச்சத்து சேர்ந்தால் 24 மணி நேரத்தில் கிளைகோஜன் பெரும்பாலும் நிறைந்துவிடும்.

புரதமா மாவுச்சத்தா என்ற சண்டையில் சைக்கிள்காரர்கள் அநேகமாகத் தப்பான பக்கம் சாய்கிறார்கள். ஒரு வேளைக்கு 20 முதல் 40 கிராம் புரதம், நாளுக்குக் கிலோவுக்கு 1.2 முதல் 2 கிராம் போதும். அது தசையைச் செப்பனிடும். ஆனால் காலி டேங்கை நிரப்புவது மாவுச்சத்துதான். புரத ஷேக்கை மட்டும் குடித்துவிட்டு, எடை கூடுமே என்று சாப்பாட்டைக் குறைப்பவருக்கு வியாழக்கிழமை கால் ஏன் கனக்கிறது என்பது புரியாத புதிராகவே இருக்கும்.

பவுடர் டப்பாவா, சாதாரண உணவா? 2015-இல் அமெரிக்காவின் மொன்டானா பல்கலைக்கழகத்தில் 11 பேரை வைத்து இதை நேருக்கு நேர் பார்த்தார்கள். ஒரு முறை 90 நிமிடப் பயிற்சிக்குப் பிறகு விளையாட்டு வீரர்களுக்கான பார், பானங்கள். இன்னொரு முறை பர்கர், உருளைக்கிழங்கு வறுவல் வகையறா. நான்கு மணி நேரம் கழித்து கிளைகோஜன் அளவிலும் வித்தியாசம் இல்லை, 20 கிலோமீட்டர் ஓட்டிய நேரத்திலும் இல்லை. தினமும் பர்கர் சாப்பிடச் சொல்லவில்லை. தசை டப்பாவைப் பார்ப்பதில்லை, மாவுச்சத்தைத்தான் பார்க்கிறது. கடுமையாக ஓட்டியதும் வாயில் எதையும் வைக்கப் பிடிக்காதவர்களுக்கு மட்டும் குடிக்கும் உணவு கைகொடுக்கும். சாக்லேட் பால் கூடப் போதும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் வேகமாகப் போக எடையைக் குறைக்கிறேன் என்று மாதக்கணக்கில் குறைவாகச் சாப்பிடுவது எந்த ஐஸ் குளியலாலும் ஈடுகட்ட முடியாத கேடு. ஹார்மோன் சுரப்பு, எலும்பின் வலு, நோய் எதிர்ப்பு, மனநிலை எல்லாம் அடிவாங்கும். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்குத் தனிப் பெயர் கொடுத்தே எச்சரித்தது. பெண்களுக்கு மாதவிடாய் தள்ளிப்போவதோ நிற்பதோ பயிற்சி நன்றாக நடப்பதற்கான அடையாளம் இல்லவே இல்லை. மருத்துவரைப் பார்க்க வேண்டிய அறிகுறி அது.

தண்ணீர்

இதில் போட்டியே இல்லை, அளவு மட்டும்தான் கேள்வி. ஓட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். 70 கிலோ 69 ஆகியிருந்தால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர், உப்புள்ள உணவோடு. ஒரே மூச்சில் குடித்தால் பாதி சிறுநீராகப் போய்விடும்.

ஐஸ் குளியலா, வெந்நீரா?

10 முதல் 15 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் வலி குறைகிறது, இதில் சந்தேகம் வேண்டாம். அதற்கு ஒரு விலையும் உண்டு. எடை தூக்கும் பயிற்சிக்குப் பிறகு வழக்கமாக இப்படிக் குளித்தவர்களுக்குத் தசையும் வலுவும் குறைவாகவே வளர்ந்தன. கால் வலு கூடுவதற்காக ஜிம்முக்குப் போகும் சைக்கிள்காரர் அன்றைக்கே ஐஸில் உட்கார்வது, தான் செய்ததைத் தானே அழிப்பது மாதிரி. தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பந்தயம் என்றால் கதை வேறு. அங்கே நாளைக்கு ஓட்டினால் போதும், வளர்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கடும் வெயிலில் ஓட்டி உடல் கொதிக்கும்போதும் குளிர்ந்த நீர் நல்லது.

சாதாரணப் பயிற்சி வாரத்தில் என் ஓட்டு வெந்நீருக்கு. படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் சூடான நீரில் குளித்தால் தூக்கம் சீக்கிரம் பிடிக்கும். காரணம், தோலுக்கு ரத்தம் அதிகம் பாய்ந்து உடலின் உள்சூடு இறங்குகிறது.

மாத்திரைகளுக்கும் இதே கணக்கு. அதிக அளவு வைட்டமின் சி, ஈ தினமும் எடுத்தால் உடல் பயிற்சிக்குப் பழகும் வேலை மழுங்கலாம். இபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரை உடலில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்துக்கு ஆபத்து.

மசாஜ், ஃபோம் ரோலர், காலுறை

தசையை உருட்டி அழுத்தும் உருளையான ஃபோம் ரோலர் உட்பட மூன்றும் வலியைக் கொஞ்சம் குறைக்கும்; அடுத்த நாள் பவர் கூடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பிடித்திருந்தால் செய்யுங்கள். ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் ரோலர், விலை குறைவு என்பதற்காக மட்டும்.

விடியற்காலைப் பயிற்சியா, தூக்கமா?

ராத்திரி 12 மணிக்குப் படுத்தவர் 4:30-க்கு அலாரம் வைத்து இன்டர்வெல் செய்வது உறுதியான மனதைக் காட்டலாம், பலனைக் காட்டாது. வளர்ச்சி ஹார்மோன் பெருமளவு சுரப்பது ஆழ்ந்த தூக்கத்தில். 2011-இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வில், கூடைப்பந்து வீரர்களை இரவில் 10 மணி நேரம் படுக்கையில் இருக்கச் சொன்னார்கள். சில வாரங்களில் அவர்களுடைய ஓட்ட வேகமும் பந்தைக் கூடையில் போடும் துல்லியமும் கூடின. 

இரவுத் தூக்கம் குறைந்த நாளில் கடுமையான பயிற்சியைத் தள்ளிவைப்பது சரி. மதியம் 20, 30 நிமிடம் கண்ணயர முடிந்தால் இன்னும் நல்லது. மாலை காபிதான் பலருக்குத் தெரியாத எதிரி: உள்ளே போன காஃபீனில் பாதி வெளியேறவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மதுவும் அப்படித்தான். தூங்கவைப்பது போல் இருக்கும், தூக்கத்தின் தரத்தைக் கெடுக்கும், தசை செப்பனிடுவதையும் குறைக்கும்.

கடிகாரம் சொல்வதா, கால் சொல்வதா?

கையில் கட்டிய ஸ்மார்ட்வாட்ச் காலையில் ஒரு மதிப்பெண் தருகிறது. "நேற்று எப்படித் தூங்கினேன், கால் கனக்கிறதா, ஓட்ட ஆசையாக இருக்கிறதா" என்று நீங்களே எழுதிவைக்கும் மூன்று வரி இன்னொரு பக்கம். 2016-இல் வந்த தொகுப்பாய்வு ஒன்று, விளையாட்டு வீரர்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்வதுதான் பயிற்சிச் சுமையை ரத்தப் பரிசோதனை, இதயத் துடிப்பு போன்றவற்றைவிட நன்றாகக் காட்டிக்கொடுக்கிறது என்றது. கடிகாரத்தைக் கழற்றிப் போட வேண்டாம். வழக்கமான ஓய்வுத் துடிப்பைவிட ஐந்து பத்து கூடுதலாக இரண்டு மூன்று நாள் நீடித்தால் அது நல்ல எச்சரிக்கை, காய்ச்சல் வரப்போவதாகவும் இருக்கலாம். இரண்டும் முரண்பட்டால் கால் சொல்வதை நம்புங்கள்.

கால் சொல்வது தெளிவாக இல்லையென்றால் சைக்கிளில் ஏறியே பார்த்துவிடலாம். 15 நிமிடம் வார்ம்-அப், பிறகு முதல் இன்டர்வெல். வழக்கமாக 250 வாட்டில் 165-ஐத் தொடும் இதயத் துடிப்பு இன்று 150-இலேயே நிற்கிறது, ஆனால் மூச்சு வாங்குகிறது, தொடை எரிகிறது என்றால் அது உடற்தகுதி கூடிவிட்டதால் இல்லை. உடல் இன்னும் தேறவில்லை. இரண்டாவது இன்டர்வெலைத் தொடங்காமல் கியரைக் குறைத்து வீட்டுக்குத் திரும்புங்கள். அன்றைக்கு ஒரு வேளை கூடுதலாகச் சாப்பிட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகப் படுங்கள். அந்தப் பயிற்சியை நாளை மறுநாள் செய்துகொள்ளலாம்.