செஸ்னா 206: ஆறு வருடம் ஓட்டிய பிறகு

எங்க நைனா சென்னை காசிமேட்டில் மீன்பாடி வண்டி (மூன்று சக்கரச் சரக்கு வண்டி) ஓட்டினவர். நான் போட்ஸ்வானாவில் மவுன் என்ற ஊரிலிருந்து ஒக்கவாங்கோ சதுப்புக்காட்டு விடுதிகளுக்கு செஸ்னா 206 என்ற சின்ன விமானம் ஓட்டுகிறேன். லீவில் வந்தால் தெருவில் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இன்னா தம்பி, எவ்ளோ லோடு ஏத்துவ?"

வாங்கும்போது செஸ்னாவிலேயே 182, 206, கேரவன் மூன்றையும் பார்த்தோம். 182 நாலு பேர் வண்டி, சரக்குக் கதவு கிடையாது. டர்பைன் இன்ஜின் வைத்த பெரிய கேரவன் முதலாளியின் பட்ஜெட்டுக்கு எட்டாது. கடைசியில் செகண்ட் ஹேண்ட் 206. ஆறு சீட், 300 குதிரைத்திறன், பின்னால் வலப்பக்கம் ரெட்டைக் கதவு.

பேப்பரில் வெற்று எடை 1,000 கிலோ. சந்தேகப்பட்டுத் தராசில் ஏற்றினால் 1,031! இடையில் மாட்டிய எதையும் விற்றவர் கணக்கில் ஏற்றவில்லை. மொத்தமாக 1,633 கிலோவுக்கு மேல் கிளம்பக்கூடாது. நான் 78, 150 லிட்டர் பெட்ரோல் 108. மிச்சம் 416 கிலோதான் சரக்கு. பழைய விமானம் வாங்குகிறவர்கள் முதல் செலவாக எடை போட்டுவிடுங்கள்.

அப்புறம் மாற்றங்கள். மணல் ஓடுதளத்துக்கு 8.50 அங்குல அகல டயர், கண்ணை மூடிக்கொண்டு போடலாம். இறக்கை முன்விளிம்பில் ஒட்டும் விரல்நுனி அளவு வோர்டெக்ஸ் ஜெனரேட்டர் தகடுகளுக்கு எடையே இல்லை, இறங்கும்போது மெதுவாக வரலாம். வயிற்றுக்கு அடியில் மாட்டும் பாட் என்ற சரக்குப் பெட்டி 136 கிலோ வரை பிடிக்கும். ஆனால் அது தருவது இடம் மட்டும்தான், அதன் சொந்த எடையும் அந்த 416-லிருந்துதான் கழியும். மூன்று இலை புரொப்பெல்லர் முதலாளி ஆசைக்குப் போட்டது. பார்க்க அழகு, மூக்கு கனத்ததுதான் மிச்சம்.

எதை மாட்டினாலும் வெயிலை ஜெயிக்க முடியாது. மவுன் சுமார் 3,100 அடி உயரம். அக்டோபரில் 40 டிகிரி அடிக்கும்போது காற்று லேசாகி, விமானம் 6,800 அடியில் இருப்பதுபோல் திணறும். கனமான லோடெல்லாம் விடியற்காலையிலேயே.

இன்னொன்று: ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) இறங்கியிருந்தால் பின்கதவின் முன்பாதி அதில் இடிக்கும், முழுதாகத் திறக்காது. இறங்கியதும் ஃபிளாப்பை ஏற்றிவிடுவது என் கை தானாகச் செய்யும் வேலை. பின்சீட்டுக்காரர்களுக்கு அவசரத்தில் வெளியேறும் விதத்தைக் கிளம்பும் முன்பே செய்து காட்டுவேன்.

ஒருநாள் லோடு ஏற்றுவதை வீடியோ காலில் காட்டினேன். மீன்பாடியில் லோடு முன்னால். பாலத்து இறக்கத்தில் பிரேக் அடித்தால் பின்சக்கரம் எழும்பும். அந்தப் பழக்கத்தில் நைனா உடனே கேட்டார்: "பின்னால குமிக்கிறியே, மூக்கு தூக்கிக்காதா?"

தூக்கும், அதனால் வாலுக்குக் கட்டை முட்டுக் கொடுத்திருக்கிறோம் என்றேன்.

"சரி, கட்டைய எட்த்துட்டுத் தான கெளம்புவ?"