ஸ்பேடு ஆறை மேலே ஏற்றச் சொன்னது யார்?

கூட வேலை பார்க்கும் நண்பர் போன வாரம் கேட்டார்: "அப்பா ரிட்டயர் ஆகிட்டார். போன்ல ஏதாவது சாலிடேர், அதான் தனியா ஆடற சீட்டாட்டம், போட்டுக் கொடுக்கலாம்னு பார்க்கிறேன். நீங்க ரொம்ப வருஷமா ஆடறீங்களே, எதைப் போடலாம்?" பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "ஃப்ரீசெல்" என்று மட்டும் பதில் அனுப்பினேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் அது பாதி பதில் என்று தோன்றியது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

1998-இல் ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஆட ஆரம்பித்தேன். விண்டோஸ் 95. சாப்பாட்டு நேரத்தில் 20 நிமிடம் கிடைக்கும். எல்லோரும் சாலிடேர் என்று சொல்வது க்ளாண்டைக்கைத்தான். 1990-இல் விண்டோஸ் 3.0-உடன் வந்தது. ஏழு வரிசை, 28 சீட்டு, அதில் 21 மூடியிருக்கும். மீதி 24 கையிருப்புக் கட்டு. மும்மூன்றாகத் திருப்பினால் மூன்றுமே கண்ணுக்குத் தெரியும், ஆனால் மேலே கிடக்கும் ஒன்றைத்தான் எடுக்க முடியும். அதை எடுத்தால்தான் அடுத்தது. இந்தக் கட்டுப்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். ஒரு சீட்டை எடுத்தால் அடுத்த சுற்றில் வரிசையே மாறிவிடும். எதை எடுப்பது என்பதைவிட எதை எடுக்காமல் விடுவது என்பதில்தான் ஆட்டம் இருக்கிறது. ஒவ்வொன்றாகத் திருப்பும் வகையில் இந்த யோசனைக்கு வேலை குறைவு.

ஆனால் தோற்றால் காரணம் தெரியாது. மூடிய சீட்டு என்னென்ன என்று முன்பே தெரிந்தால் மும்மூன்று க்ளாண்டைக்கில் சுமார் 82 சதவீத ஆட்டங்களை முடிக்கலாம் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். நமக்குத் தெரியாதே. நாம் தோற்றது அந்த 82-இல் ஒன்றா, மீதி 18-இல் ஒன்றா? இந்தக் கேள்வியோடு பல இரவு போனைக் கீழே வைத்திருக்கிறேன்.

ஃப்ரீசெல்லில் இந்தச் சங்கடம் இல்லை. 52 சீட்டும் முதலிலேயே திறந்து கிடக்கும். தற்காலிகமாக ஒதுக்கி வைக்க நான்கு காலி இடம். பால் அல்ஃபில் 1978-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தின் பிளேட்டோ கணினியில் எழுதியது. ஜிம் ஹோர்ன் அதை விண்டோஸுக்குக் கொண்டுவந்தார். பழைய விண்டோஸில் F3 அழுத்தி 1 முதல் 32000 வரை எந்த எண்ணைக் கொடுத்தாலும் அந்த ஆட்டம் வரும். 1990-களின் நடுவில் இணையத்தில் பலர் பங்கு போட்டுக்கொண்டு அத்தனையையும் ஆடிப் பார்த்தார்கள். கடைசியில் ஒரே ஒன்றுதான் அசையவில்லை: 11982. மற்ற எல்லாவற்றுக்கும் வழி உண்டு. பக்கத்து சீட்டில் இருந்தவரும் நானும் ஒரே எண்ணைப் போட்டுக்கொண்டு தனித்தனியாக ஆடுவோம். அவர் முடித்துவிட்டால் எனக்கும் முடிந்தாக வேண்டும், வேறு சமாதானம் கிடையாது.

ஸ்பைடர் இரண்டு கட்டு, 104 சீட்டு, பத்து வரிசை. நான் இரண்டு ஜாதியில் (ஸ்பேடு, ஆட்டின் என்கிற மாதிரி) ஆடுவேன். ஒரே ஜாதியில் ஆடினால் சீக்கிரம் அலுத்துவிடும், நான்கு ஜாதிக்கு எனக்குப் பொறுமை இல்லை. இதில் ஒரு வேதனை உண்டு. பாடுபட்டு ஒரு வரிசையை ராஜாவிலிருந்து ஐந்து வரை ஒரே ஜாதியாக இறக்கி வைத்திருப்போம். வேறு வழியில்லாமல் கட்டைத் தொட்டால் வரிசைக்கு ஒன்றாகப் பத்து சீட்டு விழும். மடித்து வைத்த துணி மேல் அழுக்குத் துணியைக் கொட்டியது போல. ஞாயிறு மதியத்துக்கு நல்ல ஆட்டம், தூக்கம் வரும் நேரத்துக்கு வேண்டாம். பிரமிட், ட்ரைபீக்ஸ் எல்லாம் டாக்டரைப் பார்க்கக் காத்திருக்கும்போது சரி.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். நான்கு வருடமாக என் போனில் ஒரு க்ளாண்டைக் ஆப் இருக்கிறது. நியாயமாகச் சொன்னால் நல்ல ஆப். ஒரு தடவை பணம் கட்டினேன், விளம்பரமே வராது. சீட்டு பெரிதாகத் தெரியும், ராத்திரியில் கண் கூசாது. முடிக்கக்கூடிய ஆட்டம் மட்டும் வரும்படி வைத்துக்கொள்ளலாம், அதனால் மேலே சொன்ன 82, 18 குழப்பமும் தீர்ந்தது. ஆனால் இரண்டு மாதம் முன்பு வந்த அப்டேட்டுக்குப் பிறகு, மேலே ஏறக்கூடிய சீட்டு எது வெளிப்பட்டாலும் தானாக ஏஸ் அடுக்குக்கு, அதாவது ஒவ்வொரு ஜாதியையும் ஏஸிலிருந்து ராஜா வரை அடுக்கி முடிக்க வேண்டிய மேல் இடத்துக்குப் போய்விடுகிறது. முன்பு அதை நிறுத்த ஒரு சுவிட்ச் இருந்தது. இப்போது காணோம். ஏறிய சீட்டைக் கீழே இழுக்கவும் விடுவதில்லை. பழைய விண்டோஸ் சாலிடேரில் தாராளமாக இழுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஃப்ரீசெல்லும் தானாக ஏற்றும். ஆனால் கீழே இனி எதற்கும் தேவைப்படாத சீட்டை மட்டும்தான்.

போன செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைச் சொல்கிறேன். மூடிய சீட்டு ஒன்றே ஒன்று பாக்கி. மற்ற எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டது, கழித்துப் பார்த்தால் அது ஆட்டின் இரண்டு. அதன் மேல் கிளாவர் பத்து. கீழே வரிசைகளில் கறுப்பும் சிவப்பும் மாறி மாறித்தான் இறங்கும், அதனால் பத்தை நகர்த்த டைமன் ஜாக் வேண்டும். ஜாக் கட்டில் இருக்கிறது, அதன் மேல் ஆட்டின் ஐந்து. ஐந்தை மேலே ஏற்ற ஆட்டின் இரண்டு வேண்டும், அதுதான் பத்துக்கு அடியில். கீழே வைக்க ஒரு கறுப்பு ஆறு வேண்டும். டைமன் ஏழு திறந்துதான் கிடந்தது. அதன் மேல் ஸ்பேடு ஆறு, ஆறின் மேல் ஆட்டின் ஐந்து, ஜாக் வெளியே, ஸ்பேடு ராணி மேல் ஜாக், ஜாக் மேல் பத்து, ஆட்டம் முடிந்தது. ஸ்பேடு ஆறு மட்டும் கீழே இருந்திருந்தால்! அது வெளிப்பட்ட நொடியில் ஆப் மேலே தூக்கிக்கொண்டு போய்விட்டது. பின்னோக்கிப் போய்ப் பார்த்தேன். திரும்ப வெளிப்பட்டது, திரும்பத் தூக்கியது. நாலு தடவை.

நான் யோசிக்காமல் ஆடித் தோற்றால் பொறுத்துக்கொள்வேன். என் கையில் இருந்த ஆறை என்னைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு "இனி நகர்வுகள் இல்லை" என்று பெட்டி காட்டினால் பொறுக்க முடியவில்லை. ஆப் செய்தவர்களுக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். பதில் வரவில்லை.

ஆக, நண்பருக்கு: அப்பாவுக்கு ஃப்ரீசெல்லையே போடுங்கள். எண் கொடுத்து ஆடும் வசதி இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். சாயங்காலம் நீங்களும் அதே எண்ணை ஆடிப் பாருங்கள், அவருக்குப் பேச ஒரு விஷயம் கிடைக்கும். க்ளாண்டைக் கேட்டால், தானாக ஏற்றுவதை நிறுத்த முடிகிறதா என்று முதலில் பாருங்கள். முடியாவிட்டால் பத்து ரூபாய்க்குக்கூட வாங்காதீர்கள்.

என் போனில் அந்த ஆப் இன்னும் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆட்டத்தையும் மூடவில்லை, கிளாவர் பத்து அங்கேயே நிற்கிறது. அலமாரியில் ஒரு பிளாஸ்டிக் கட்டு கிடக்கும். ஞாயிற்றுக்கிழமை அதே வரிசையில் பாயில் பரப்பி, ஸ்பேடு ஆறை நானே டைமன் ஏழு மேல் வைத்துப் பார்க்கப் போகிறேன்.